சிக்கிம் அரசின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேங்டாக், பெல்லிங், நாதுலா என்று ஒரு வாரம் சுற்றிவிட்டு வருபவர்கள் பனிமலையின் படங்களைக் காட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அங்கே ராஜா இருந்தாராமே, அவர் என்ன ஆனார்?" அந்தக் கேள்வியும் அதன் வால் பிடித்து வருகிற மற்றக் கேள்விகளும் இங்கே.

சிக்கிம் உண்மையிலேயே தனி நாடாகவா இருந்தது?

இருந்தது. 1642 முதல் 1975 வரை நம்கியால் என்ற ஒரே வம்சம், பன்னிரண்டு அரசர்கள், 333 ஆண்டுகள். அரசருக்குப் பட்டம் சோக்யால். தர்மத்தின்படி ஆள்பவர், அதாவது தர்மராஜா என்று பொருள். ஆங்கிலேயர் வந்த பிறகுதான் மற்ற சமஸ்தானங்களைப் போல "மகாராஜா" என்று எழுத ஆரம்பித்தார்கள்.

ஆனால் "தனி நாடு" என்பதை 333 வருடத்துக்கும் ஒரே பொருளில் சொல்ல முடியாது. முதல் நூற்றைம்பது வருடம் சிக்கிம் திபெத்தின் தலைநகரான லாசாவின் முகத்தைப் பார்த்து நடந்தது. 1817-க்குப் பிறகு ஆங்கிலேயர் ஆட்சி நடத்திய கல்கத்தாவின் முகத்தை. 1950-லிருந்து டெல்லியின் முகத்தை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் அதில் என்ன எழுதியிருப்பதாக நினைத்தார்கள் என்பது வேறு, உண்மையில் எழுதியிருந்தது வேறு. என்னைக் கேட்டால் சிக்கிமின் வரலாறு பாதிக்கு மேல் இதுதான்.

அரசு எப்படித் தொடங்கியது?

17-ஆம் நூற்றாண்டில் திபெத்தில் ஐந்தாம் தலாய் லாமாவின் கெலுக் பிரிவு மேலோங்கியது. பழைய நிங்மா மரபைச் சேர்ந்த லாமாக்கள் சிலர் தெற்கே மலை தாண்டி வந்தார்கள். லாட்சுன் செம்போ உள்ளிட்ட மூன்று லாமாக்கள் மூன்று திசையிலிருந்து வந்து சந்தித்த இடம்தான் யுக்சோம். அந்தப் பெயருக்கே "மூன்று லாமாக்கள் கூடிய இடம்" என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

நான்காவதாகக் கிழக்கிலிருந்து புன்ட்சோக் என்ற பெயருடைய ஒருவர் வர வேண்டும் என்று குரு பத்மசம்பவர் முன்னமே சொல்லியிருந்தாராம். ஆளைத் தேடிப் போனவர்கள் கேங்டாக் பக்கத்தில் மாடு கறந்துகொண்டிருந்த ஒருவரிடம் பெயர் கேட்டார்கள். புன்ட்சோக் என்றார். கூட்டி வந்து 1642-ல் முடிசூட்டினார்கள். மாட்டுக் கதையை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு. ஆனால் அதே 1642-ல்தான் திபெத்தில் ஐந்தாம் தலாய் லாமாவின் ஆட்சியும் தொடங்கியது. அது தற்செயலாக இருக்காது.

முடிசூட்டிய இடத்துக்குப் பெயர் நோர்புகாங். பிரம்மாண்டமான ஒரு ஊசியிலை மரத்தடியில், கல்லில் கட்டிச் சுண்ணாம்பு அடித்த நான்கு இருக்கைகள். மூன்று லாமாக்களுக்கு, ஒன்று அரசருக்கு. எதிரே ஒரு பாறையில் லாமா ஒருவரின் காலடித்தடம் என்று ஒரு பள்ளத்தைக் காட்டுவார்கள். பக்கத்தில் ஒரு சோர்டென், அதாவது ஸ்தூபம். சிக்கிமின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மண்ணும் தண்ணீரும் கொண்டுவந்து அதற்குள் வைத்ததாகச் சொல்கிறார்கள். அரண்மனை, கோட்டை என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான். ஒரு கிராமத்து ஆலமரத்து மேடை அளவுதான் இருக்கும்.

அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்?

லெப்சாக்கள், லிம்புகள், மகர்கள். லெப்சாக்கள்தான் மண்ணின் மூத்த குடிகள். தங்களைக் கஞ்சன்ஜங்காவின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்பவர்கள். திபெத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பூட்டியாக்கள்.

இந்த இரு கூட்டத்துக்கும் உறவு உண்டான கதை காபி லுங்சோக்கில் இருக்கிறது. புன்ட்சோக்கின் முன்னோர் கியே பும்சா பிள்ளையில்லாமல் வருந்தி, லெப்சா பெரியவர் தெகோங் தெக்கைத் தேடி வந்தார். அவருடைய ஆசியால் மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தன. அந்த நன்றியில் இருவரும் விலங்கைப் பலியிட்டு, ரத்தம் தொட்டு, கல் நட்டு, கஞ்சன்ஜங்காவைச் சாட்சி வைத்து இரு இனமும் சகோதரர்கள் என்று சத்தியம் செய்தார்கள். நட்ட கற்கள் காட்டுக்குள் பாசி படிந்து இன்னும் நிற்கின்றன. ஆண்டுதோறும் பாங் லாப்சோல் திருவிழாவில் அந்தச் சத்தியத்தை நினைவுகூர்கிறார்கள். சிக்கிமின் முதல் ஒப்பந்தம் இதுதான். இதற்கு மட்டும் காகிதம் கிடையாது.

சிக்கிம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் சோக்யால் டென்சுங் நம்கியாலுக்கு மூன்று மனைவியர்: ஒருவர் பூட்டான்காரர், ஒருவர் திபெத்தியர், ஒருவர் லிம்பு இளவரசி. 1670-ல் தலைநகரை யுக்சோமிலிருந்து ரப்டென்ட்சேக்கு மாற்றி அரண்மனை கட்டியபோது லிம்பு ராணி அதை "சு கிம்" என்றாராம். புது வீடு என்று பொருள். திபெத்தியர்கள் வைத்த பெயர் டென்ஜோங், நெல் விளையும் பள்ளத்தாக்கு.

மூன்று ராணிகள் என்றால் சண்டை வந்திருக்குமே?

வந்தது, சாதாரணச் சண்டையில்லை. திபெத்திய ராணியின் மகன் சக்டோர் சிறுவனாக இருக்கும்போதே 1700-ல் பட்டத்துக்கு வந்தான். பூட்டான் ராணியின் மகள் பெண்டே ஓங்மு மூத்தவள். "எனக்கில்லாமல் அவனுக்கா?" என்று தாய்வழி நாடான பூட்டானிலிருந்து படையை வரவழைத்தாள். சக்டோர் லாசாவுக்குத் தப்பி ஓடினான். பூட்டான்காரர்கள் சில வருடம் ரப்டென்ட்சேயிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். திபெத் தலையிட்ட பிறகுதான் போனார்கள். கலிம்போங் பக்கம் மட்டும் அவர்களோடு போய்விட்டது.

திரும்பி வந்த சக்டோர் மடங்கள் கட்டினான். லெப்சா மொழிக்கு எழுத்து வகுத்தவன் என்ற பெயரும் அவனுக்கு உண்டு. அக்காவுக்கோ ஆத்திரம் தணியவில்லை. ராலாங் வெந்நீர் ஊற்றுக்கு உடம்பு தேற்றப் போனவனை, திபெத்திய வைத்தியர் ஒருவரைக் கொண்டு ரத்தம் எடுக்கும் சாக்கில் நரம்பை வெட்டவைத்துக் கொன்றாள். பதிலுக்கு அவளைப் பட்டுத் துணியால் கழுத்தை நெரித்தார்கள். மகாபாரதம் படித்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை!

ரப்டென்ட்சே ஏன் இடிந்து கிடக்கிறது?

கூர்க்காக்கள். 1788-ல் நேபாளப் படை ரப்டென்ட்சேயைப் பிடித்தது. அப்போதைய அரசர் டென்சிங் நம்கியால் திபெத்துக்கு ஓடி, லாசாவிலேயே 1793-ல் இறந்தார். மகன் சுக்புத் நம்கியால் திரும்பி வந்தார். நேபாள எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் தலைநகர் வேண்டாம் என்று உள்ளே தள்ளித் தும்லோங்குக்குப் போனார்கள். 1894-ல் அங்கிருந்து கேங்டாக். பெல்லிங் போகிறவர்கள் பெமாயாங்ட்சே மடத்துக்குப் பக்கத்தில் காட்டுப் பாதையில் கொஞ்சம் நடந்தால் அந்த இடிபாடுகளைப் பார்க்கலாம்.

டார்ஜீலிங் சிக்கிமுடையதா?

ஆமாம். இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி நேபாளத்தோடு போரிட்டு வென்றது. சிக்கிமிடமிருந்து நேபாளம் பறித்திருந்த நிலத்தில் மேச்சி ஆற்றுக்குக் கிழக்கே உள்ளதை 1817-ல் தித்தாலியா ஒப்பந்தப்படி சிக்கிமுக்கே திருப்பிக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. இனி அண்டை நாடுகளோடு தகராறு வந்தால் கம்பெனியின் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். இழந்த நிலம் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் அந்த வரியின் கனம் அப்போது தெரிந்திருக்காது.

அப்புறம் 1835. வெள்ளைக்கார அதிகாரிகள் நோயில் வாடுகிறார்கள், டார்ஜீலிங் மலையில் நல்ல குளிர்ச்சி, அங்கே போய்த் தேறிவர வசதியாக அந்த இடம் வேண்டும் என்று கவர்னர் ஜெனரல் பென்டிங்க் கேட்டார். சுக்புத் நம்கியால் பதிலுக்கு வேறு நிலம் எதிர்பார்த்தார். கடைசியில் எழுதப்பட்ட பத்திரத்தில் அந்த எதிர்பார்ப்பெல்லாம் இல்லை. கவர்னர் ஜெனரல் மீதுள்ள நட்பின் பொருட்டு டார்ஜீலிங்கைத் தருகிறேன் என்று மட்டும் இருந்தது. பதிலுக்கு வந்த பரிசு: ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி, ஒரு ரைபிள், இருபது கஜம் சிவப்புக் கம்பளித் துணி, இரண்டு ஜோடி சால்வை. சால்வையில் ஒரு ஜோடி முதல் தரம், இன்னொரு ஜோடி மட்டம். அதையும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

அரசர் முணுமுணுக்கவே 1841-லிருந்து வருடம் 3,000 ரூபாய் தந்தார்கள். 1846-ல் அது 6,000 ஆனது. நோயாளிகள் தங்கும் மலை, அதற்குள் தேயிலையும் சந்தையுமாக மாறிக்கொண்டிருந்தது.

அந்த ஆறாயிரமும் ஏன் நின்றது?

ஒரு தாவரவியலாளர் ரோடோடென்ட்ரான் என்ற மலைப் பூச்செடியைத் தேடி வந்ததால் என்று சொல்லலாம். ஜோசப் ஹூக்கர், பிற்காலத்தில் லண்டன் கியூ தோட்டத்தின் தலைவரானவர். 1849-ல் அவரும் டார்ஜீலிங் அதிகாரி கேம்பெல்லும் சிக்கிம் வழியாக திபெத் எல்லை தாண்டிப் போய் வந்தார்கள். திரும்பும்போது திவான் நம்குவேயின் ஆட்கள் கேம்பெல்லைக் கட்டிப்போட்டு அடித்தார்கள். ஹூக்கரைப் போகலாம் என்று விட்டும் அவர் நண்பரை விட்டுப் போகவில்லை. டிசம்பர் கடைசியில் இருவரையும் விட்டார்கள்.

டார்ஜீலிங்கில் அடைக்கலம் தேடி ஓடிய அடிமைகளையும் குடியானவர்களையும் திருப்பித் தர கேம்பெல் மறுத்ததுதான் திவானின் கோபத்துக்கு ஒரு காரணம். அதனால் திவானை எனக்கு முழுக்க வில்லனாகவும் பார்க்க முடியவில்லை, நாயகனாகவும் பார்க்க முடியவில்லை. ஆங்கிலேயர் அவருக்கு வைத்த பெயர் "பாக்லா திவான்", பைத்தியக்கார திவான்.

கம்பெனிக்கு நல்ல சாக்கு கிடைத்தது. ஆண்டுப் பணத்தை நிறுத்தி, 1850-ல் டார்ஜீலிங்குக்குக் கீழே உள்ள தராய்ச் சமவெளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். இதோடு சிக்கிமுக்குச் சமவெளியே இல்லாமல் போயிற்று. 1861-ல் ஆங்கிலேய அதிகாரி ஆஷ்லி ஈடன் படையோடு தும்லோங் வரை வந்து இன்னொரு ஒப்பந்தம் போட்டார். 23 பிரிவுகள். அதில் ஒன்று: சிக்கிம் அரசர் வருடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் திபெத்தில் தங்கக் கூடாது. வெயில் காலத்தில் எங்கே இருக்கலாம் என்பதைக்கூட இன்னொருவர் தீர்மானிக்கிற நிலைக்கு அரசர் வந்துவிட்டார்.

நேபாளிகள் எப்போது பெரும்பான்மை ஆனார்கள்?

1889-ல் கிளாட் ஒயிட் என்பவர் சிக்கிமின் முதல் பொலிடிகல் ஆபீசராக வந்தார். பெயருக்கு ஆலோசகர், நடைமுறையில் அவர்தான் ஆட்சி. காட்டைத் திருத்தி, வரி வசூலிக்க உழைப்பாளிகள் வேண்டும். அதனால் நேபாளிக் குடியேற்றத்தை ஊக்குவித்தார்கள். திபெத்தோடு ஒட்டாத மக்கள் அங்கே இருப்பது ஆங்கிலேயருக்கு அரசியலிலும் வசதி. அரசர் துதோப் நம்கியால் எதிர்த்தார். சில வருடம் அவரைக் கர்சியாங்கிலும் டார்ஜீலிங்கிலும் காவலில் வைத்தார்கள். அவரும் ராணி யேஷே டோல்மாவும் சேர்ந்து 1908-ல் சிக்கிம் வரலாறு ஒன்று எழுதினார்கள். தோற்ற தரப்பே உட்கார்ந்து எழுதிய வரலாறு என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு.

1891-ல் சிக்கிமில் இருந்தவர்கள் சுமார் 30,000 பேர். 1971-ல் இரண்டு லட்சத்துக்கு மேல். இதில் பெரும்பகுதி நேபாளி மொழி பேசுபவர்கள். பௌத்த அரசருக்கு இந்துக்கள் பெரும்பான்மையான குடிமக்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

1947-ல் ஏன் இந்தியாவோடு சேரவில்லை?

மக்களில் ஒரு பகுதியினர் சேர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். 1947 டிசம்பரில் தொடங்கிய சிக்கிம் ஸ்டேட் காங்கிரஸின் கோரிக்கைகள் மூன்று: ஜமீன் முறை ஒழிப்பு, மக்கள் அரசு, இந்தியாவோடு இணைப்பு. 1949-ல் போராட்டம் நடத்தி தாஷி ட்ஷெரிங் தலைமையில் ஒரு அமைச்சரவையும் அமைத்தார்கள். அது இருந்தது 29 நாள். நிலைமை கட்டுக்கடங்காது என்று சொல்லி இந்திய அதிகாரியே அதைக் கலைத்துவிட்டு, ஒரு இந்திய திவானை வைத்தார். அதாவது இணைப்பு கேட்டவர்களை அன்றைக்கு டெல்லி அணைக்கவில்லை.

1950 டிசம்பர் 5 ஒப்பந்தப்படி சிக்கிம் இந்தியாவின் பாதுகாப்பில் உள்ள நாடு ஆனது. பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு இந்தியாவிடம். உள்நாட்டு ஆட்சி அரசரிடம்.

பூட்டான் தப்பித்தது, சிக்கிம் ஏன் தப்பிக்கவில்லை?

பூட்டானின் 1949 ஒப்பந்தத்தில் "பாதுகாப்பில் உள்ள நாடு" என்ற சொல்லே கிடையாது. 1971-ல் அது ஐ.நா.விலும் சேர்ந்துவிட்டது. சிக்கிமின் ஒப்பந்தத்திலோ அந்தச் சொல் முதலிலேயே உட்கார்ந்திருந்தது. அதோடு, பூட்டானில் அரசரை எதிர்க்கும் கட்சி வலுவாக இல்லை. சிக்கிமில் இருந்தது. டெல்லியின் கை நீண்டது உண்மை. பிடித்துக்கொள்ள உள்ளேயே ஒரு கை காத்திருந்ததும் உண்மை.

ராணி அமெரிக்க உளவாளி என்கிறார்களே?

ஆதாரம் கிடையாது. கடைசி சோக்யால் பால்டன் தோண்டுப் நம்கியால், இளவரசராக இருந்தபோது 1963 மார்ச்சில் ஹோப் குக் என்ற இளம் அமெரிக்கப் பெண்ணைக் கேங்டாக்கில் மணந்தார். பத்திரிகைகள் தேவதைக் கதை என்று கொண்டாடின. அவர் செய்ததில் டெல்லியை உண்மையில் கலவரப்படுத்தியது 1966-ல் எழுதிய ஒரு கட்டுரை. சிக்கிம் மரபில் நிலம் அரசருடையது, யாருக்கும் அனுபவிக்கும் உரிமைதான் கொடுக்கப்படும், எனவே 1835-ல் டார்ஜீலிங் நிரந்தரமாகக் கைமாறவில்லை என்பது அவருடைய வாதம். படித்தவர்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆராய்ச்சி இதழ்தான். ஆனால் எழுதியவர் ராணி ஆயிற்றே, இந்தியப் பத்திரிகைகள் கொதித்தன. வாதத்தில் விஷயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சொன்ன நேரமும் சொன்ன ஆளும்தான் சரியில்லை.

1973 முதல் 1975 வரை என்னதான் நடந்தது?

தேர்தல் முறையிலிருந்து தொடங்க வேண்டும். சிறுபான்மையான பூட்டியா-லெப்சாக்களுக்கும் பெரும்பான்மையான நேபாளிகளுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள், அதன் மேல் அரசர் நியமிக்கும் உறுப்பினர்கள். 1973 ஜனவரி தேர்தலில் மோசடி என்று புகார் எழுந்தது. ஏப்ரலில் சோக்யால் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாடிய அதே நாட்களில் தெருவில் கலவரம். அவரே இந்தியாவின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று. மே 8-ல் சோக்யால், இந்தியா, கட்சிகள் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி நிர்வாகம் இந்திய அதிகாரி ஒருவரிடம் போனது.

1974 தேர்தலில் காஜி லெண்டுப் டோர்ஜியின் சிக்கிம் காங்கிரஸ் 32-ல் 31 இடம் பிடித்தது. அதே வருடம் அரசியல் சட்டத்தின் 35-ஆம் திருத்தம் சிக்கிமை "இணை மாநிலம்" ஆக்கியது.

1975 ஏப்ரல் 9. இந்திய ராணுவம் அரண்மனையைச் சூழ்ந்தது. காவலில் இருந்த சிக்கிம் கார்ட்ஸ் சில நூறு பேர்தான். வாசலில் நின்ற இளம் காவலர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அரை மணி நேரத்தில் எல்லோரிடமிருந்தும் துப்பாக்கி வாங்கப்பட்டுவிட்டது. சோக்யால் ஹாம் ரேடியோ பிரியர், அதாவது சொந்த வானொலிக் கருவி வைத்து வெளியூர்க்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு உள்ளவர். சிக்கிம் வீழ்ந்ததை அந்தப் பெட்டியின் வழியாகத்தான் வெளியுலகுக்குச் சொன்னார் என்பார்கள்.

மறுநாள் சட்டமன்றம் முடியாட்சியை ஒழித்துத் தீர்மானம் போட்டது. ஏப்ரல் 14 வாக்கெடுப்பு. ஆதரவு 59,637, எதிர்ப்பு 1,496. மே 16-ல் சிக்கிம் இந்தியாவின் 22-ஆம் மாநிலம்.

மக்கள் விரும்பிச் சேர்ந்தார்களா, சேர்த்துக்கொண்டார்களா?

இரண்டும்தான். நழுவுவதற்காகச் சொல்லவில்லை. அரசர் ஒழியட்டும் என்ற எண்ணம் நேபாளிப் பெரும்பான்மையிடம் உண்மையாகவே இருந்தது. ஜமீன் கொடுமையை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் ராணுவம் ஊருக்குள் நிற்கும்போது, நான்கே நாள் அவகாசத்தில், முடியாட்சி ஒழிப்பையும் இந்திய இணைப்பையும் ஒரே கேள்வியில் கட்டி "ஆமா, இல்லையா" என்று கேட்டால், ராஜா வேண்டாம் நாடு வேண்டும் என்று நினைத்தவன் எந்தப் பெட்டியில் போடுவான்? 1978-ல் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாயே இணைத்தது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். மாற்ற முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

சம்பந்தப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்?

ஹோப் குக் 1973-லேயே அமெரிக்கா திரும்பிவிட்டார். சோக்யாலின் மூத்த மகன் 1978-ல் கார் விபத்தில் இறந்தார். சோக்யால் 1982 ஜனவரியில் நியூயார்க்கில் புற்றுநோயால் இறந்தார். கேங்டாக்குக்குக் கொண்டுவந்து தகனம் செய்தபோது பெருங்கூட்டம் கூடியது. காஜி முதல் முதலமைச்சரானார். 1979 தேர்தலில் அவர் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. பத்ம விபூஷண் வாங்கி, நூறு வயது தாண்டி, 2007-ல் கலிம்போங்கில் காலமானார்.

சீனா ஒத்துக்கொண்டதா?

நீண்ட காலம் இல்லை. 2003-ல் வாஜ்பாய் சீனா போன பிறகுதான் மெல்ல இறங்கி வந்தது. 2006-ல் நாதுலா கணவாயில் வியாபாரம் மறுபடி தொடங்கியது.

பழைய அரசின் மிச்சம் இன்று ஏதாவது உண்டா?

நிறையவே. அரசியல் சட்டத்தின் 371எஃப் பிரிவு அரசர் காலத்துச் சட்டங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பூட்டியா, லெப்சா நிலத்தை மற்றவர் வாங்க முடியாது என்ற 1917 உத்தரவு இன்னும் உயிரோடு இருக்கிறது. சிக்கிம்காரர்களுக்கு வருமான வரி விலக்கு இருப்பதும் இந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். சட்டமன்றத்தின் 32 இடங்களில் 12 பூட்டியா-லெப்சாக்களுக்கு. ஒன்று சங்கத் தொகுதி. பௌத்த மடங்களைச் சேர்ந்த துறவிகள் மட்டுமே அதில் நிற்கலாம், அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். இந்தியாவில் வேறெங்கும் இப்படி ஒரு தொகுதி இல்லை.

கஞ்சன்ஜங்கா உச்சியில் யாரும் கால் வைப்பதில்லை என்பது உண்மையா?

எல்லோரும் அப்படி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் தொடக்கம் அப்படித்தான். 8,586 மீட்டர் உயரமுள்ள அந்த மலை சிக்கிமின் காவல் தெய்வம். 1955-ல் ஏறப்போன பிரிட்டிஷ் குழு, உச்சியை மிதிக்க மாட்டோம் என்று அன்றைய அரசர் தாஷி நம்கியாலின் தரப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தது. மே 25 அன்று ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் மேலே போய்ச் சேர்ந்தார்கள். உச்சிப் பனி சில அடி தூரத்தில், கண்ணுக்கு நேரே. அதைத் தொடாமல் இறங்கி வந்துவிட்டார்கள்.